விட்டுப் போனால் வசனம்

முகத்தைப் பார்க்காதே, முகத்தைப் பார்க்காதே என்று சொல்லிச் சொல்லியே பார்த்துவிடப் போகிறேன். அரை அடி பின்னால் நிற்க வேண்டும், பேசுகிறவரின் தோளுக்குப் பின்னால், காது மட்டும் அவரிடம், கண் சனத்தின் மேல். அப்பா கன்வென்ஷன் பந்தல்களில் அப்படித்தான் நிற்பார். வெள்ளைக்காரப் பிரசங்கியார் ஒரு வாக்கியம், அப்பா தமிழில் ஒரு வாக்கியம். பாளையங்கோட்டைச் சனம் அப்பாவைப் பார்த்து அழுதுவிட்டுப் பிரசங்கியாருக்குக் கை கொடுத்துவிட்டுப் போகும். அப்பாவுக்கு அதில் வருத்தமே கிடையாது. தபால் ஆபீஸ்தான் வேலை, இது ஊழியம் என்பார். எனக்கு இது வேலையும் இல்லை, ஊழியமும் இல்லை, வாய்க்கொழுப்பு. ஹெட்மிஸ்ட்ரஸ் ஹெப்சிபா போன் பண்ணி, "சுகிர்தா டீச்சர், உங்க எழுத்துக்காரம்மா நம்ம ஸ்கூலுக்கே வாராவளாம், நீங்கதான் மேடையில தமிழ்ல சொல்லணும்" என்றபோது முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எடித் வின்ஸ்லேட் அம்மாளை நேரில் பார்க்கிற ஆசை. ரோமாபுரிச் சிப்பாய், மூடுபனி, கோட்டைச் சுவர், பழங்காலத்து ராஜா என்று இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு ஆயுசு முழுக்கக் கதை எழுதினவர், அந்தப் புத்தகங்களை வரிசையாகத் தமிழில் போட்டவள் நான். ஆனால் அது வீட்டு மேசையில், அகராதி பக்கத்தில், காப்பி பக்கத்தில். வார்த்தை சிக்காவிட்டால் எழுந்து போய்த் துணி உலர்த்திவிட்டு வரலாம், வருவதற்குள் வார்த்தை வந்து உட்கார்ந்திருக்கும். இங்கே மைக்கைப் பிடித்துக்கொண்டு எந்தத் துணியை உலர்த்துவது. அசெம்பிளி ஹால் முழுக்கப் பிள்ளைகள், தரையில் சம்மணம் போட்டு, மடியில் என் தமிழ்ப் புத்தகம் விரித்து வைத்திருக்கிறார்கள். மின்விசிறி கடகடக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்னால் யாராவது கூட்டம் வைப்பார்களா.

நன்றாகத்தான் ஆரம்பித்தது. அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து, பாவாடை மடிப்பைத் தடவிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். புத்தகத்தைத் தொடவில்லை, மனப்பாடம். 'மேட்டில் ஒரு தீ' கதைதான். கடலோரத்தில் ஒரு சிற்றூர், அங்கே ஆல்டன் என்று ஒரு பையன், தாயில்லாப் பிள்ளை. தகப்பன் படகெடுத்துப் போனான், மூடுபனி இறங்கிவிட்டது. ஊர்க்காரர்கள் மேட்டின் மேல் தீ மூட்டிக் காத்திருந்தார்கள். நாள் கடந்தது, விறகு தீர்ந்தது, ஊர் கையை விரித்தது. செத்தவனுக்கு எதற்கு விறகு என்றது. பையன் மட்டும் தீயை அணைய விடவில்லை. அவர் ஒரு வாக்கியம், நான் ஒரு வாக்கியம். எனக்கே என் குரல் பிடித்திருந்தது. அப்பாவின் இழுவை என் தொண்டையில் எங்கேயோ இருந்திருக்கிறது, 'ஆகையால்' என்று ஆரம்பிக்கும்போது வருகிறது. முன்வரிசையில் ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி நான் சொல்வதற்கு முன்னாலேயே உதட்டை அசைக்கிறாள், புத்தகத்தைப் பார்த்துச் சரிபார்க்கிறாள் போலிருக்கிறது. பார்க்கட்டும். காலையில் அம்மாளின் அண்ணன் மகள் பிலிப்பா விருந்தினர் அறை வாசலில் வைத்து என்னமோ சொன்னாள், நேற்று ராத்திரி பரோட்டா சால்னாவை ருசி பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவள். மத்தியானத்தில் அத்தை களைத்துப்போவார், ஒரே ஒரு கதையோடு நிறுத்திவிடுங்கள், பக்கத்திலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு அறையிலேயே படுத்துவிட்டாள். களைப்பு. வயசானவர்களுக்குக் களைப்பு வராதா என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அவள் அந்தச் சொல்லைச் சொன்ன விதம், கொஞ்சம் நிறுத்திச் சொன்னது, இப்போதுதான் காதில் விழுகிறது. ஒரு சொல்லை எந்தக் கனத்தில் சொல்கிறார்கள் என்று பார்ப்பதுதானே என் பிழைப்பு, காலையில் அதை எங்கே அடகு வைத்தேன் தெரியவில்லை.

ஏனென்றால் இப்போது அவர் சொல்கிறார், "வேலியைப் பிடுங்கினான், அவனுடைய அம்மா மாடியில் இருந்தாள்." சொல்லிவிட்டேன். நாக்கு முந்திக்கொண்டது, "அவனுடைய அம்மா மாடியில் இருந்தாள்" என்று மைக்கில் சொல்லிவிட்டேன். ஹாலில் பக்கம் புரட்டுகிற சத்தம். ரெட்டைச் சடைக்காரி நிமிர்ந்து பார்க்கிறாள். ஆல்டனுக்கு அம்மா ஏது, கடலோரக் குடிசைக்கு மாடி ஏது. புதிதாகச் சேர்த்துச் சொல்கிறாரோ. எழுத்தாளர்கள் சேர்ப்பார்கள், அவர் கதை, அவர் சேர்க்கலாம், நான் யார் கேட்க. அடுத்த வாக்கியம் வருகிறது, "காலையிலிருந்து ஒரே ஒரு பக்கம், ரோமானியச் சிப்பாய் ஒருவன் ஆற்றைக் கடக்க வேண்டும், அவனைத் தண்ணீரிலிருந்து கரையேற்ற எனக்கு வரவில்லை." எனக்கு. எனக்கு என்கிறார். எந்தச் சிப்பாய், எந்த ஆறு, அது வேறு புத்தகம், அதையும் நான்தான் தமிழில் போட்டேன், அந்தச் சிப்பாய் கடைசியில் குதிரையின் வாலைப் பிடித்துக்கொண்டு கரையேறுவான். இரண்டு கதை கலந்துவிட்டதா, இல்லை என் காதில் கலந்து விழுகிறதா. போன மாதம் வீட்டுச் சாவியை அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டு ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடியவள் நான். என் அம்மாவுக்கும் முதலில் சாவிதான். பிறகு அடுப்பு, பிறகு ஞாயிற்றுக்கிழமை, பிறகு நாங்கள். ஐம்பது தாண்டின பிறகு ஒரு பெயர் மறந்தால் எல்லாரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிப்பேன், சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து வேதத்தில் மனப்பாடமான பத்தாம் சங்கீதத்தைச் சொல்லிப் பார்ப்பேன், இன்னும் இருக்கிறதா என்று. பயம்தான், வேறென்ன. அதனால் யார் குழம்பியது என்று என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை, அவரா நானா. அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். முகத்தைப் பார்க்காதே. அவர் சொல்கிறார், "கீழேயிருந்து ராபின் கூப்பிட்டான். இதோ ஒரு நிமிஷம் கண்ணா என்றேன்."

ராபின். மைக் என் கையில் இருக்கிறது, அவர் நிறுத்திவிட்டார், என் முறை. அவர் எனக்காகக் காத்திருக்கிறார், ஹால் எனக்காகக் காத்திருக்கிறது, மேடைக்குப் பக்கத்துக் கதவோரம் ஹெப்சிபா வாட்சைப் பார்க்கிறார். விட்டுப் போனால் வசனம், அப்பா சொல்லுவார். மேடையில் நிற்கும்போது காது அடைத்துவிட்டால், பிரசங்கியார் சொன்னது பிடிபடாமல் போனால், முழிக்காதே, திருப்பிக் கேட்காதே, பந்தல் கலைந்துவிடும், உனக்குத் தெரிந்த வேத வசனம் ஒன்றைச் சொல்லு, அடுத்த வாக்கியத்தில் பிடித்துக்கொள். ஊரில் எல்லா மொழிபெயர்ப்புக்காரர்களும் செய்வதுதான், ஒருத்தரும் வெளியில் சொல்வதில்லை. அமெரிக்காக்காரர் விமானம் பிந்திய கதையைச் சொன்னபோது சனம் இருபத்திமூன்றாம் சங்கீதத்தைக் கேட்டிருக்கும், அல்லேலூயா என்றிருக்கும். எனக்குத் தெரிந்த வசனம் என் புத்தகம்தான். "ஆகையால் ஆல்டன் வேலியைப் பிடுங்கித் தீயில் போட்டான்" என்றேன். ஹால் மூச்சுவிட்டது. பிள்ளைகளின் விரல்கள் அந்த வரிக்கு வந்து நின்றன. அம்மாள் நான் சொன்னதைக் கேட்டுத் தலையசைத்தார், ஆமாம் அப்படித்தான் என்பதுபோல. தமிழில் ஒரு சொல் தெரியாது அவருக்கு, என்னை நம்புகிறார். "வராந்தாவில் அவனுடைய ரப்பர் பூட்ஸைக் காணோம்" என்கிறார். "வேலி தீர்ந்ததும் கதவைக் கழற்றினான்" என்கிறேன். "படகுத்துறைக்குப் போகாதே என்று அன்றைக்குக் காலையில்தான் சொல்லியிருந்தேன், சொன்னேனா, சொல்ல நினைத்தேனா" என்கிறார். "கதவும் எரிந்து முடிந்தது, பனி விலகவில்லை" என்கிறேன். "சிப்பாய் கரையேறிவிட்டான், நான் கீழே இறங்கி வந்தேன், சமையலறையில் அவன் கடித்து வைத்த ரொட்டி இருந்தது" என்கிறார். நான் என்ன சொல்வேன், அடுத்த வரி மரக்குதிரை, தகப்பன் செதுக்கிக் கொடுத்த மரக்குதிரையை ஆல்டன் எடுத்து வருகிற வரி, பிள்ளைகள் எல்லாரும் காத்திருக்கிற வரி. "அவனிடம் எரிப்பதற்கு இன்னும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது" என்கிறேன். முன்வரிசையில் ஒருத்தி அய்யோ என்கிறாள். என் குரல் நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் வெட்கம். ரெண்டு பேர் ரெண்டு கதை சொல்லிக்கொண்டு ஒரே மேடையில் இருக்கிறோம், கேட்கிறவர்கள் ஒரு கதை கேட்கிறார்கள்.

ராபினுக்கு. எல்லாப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் அதுதான் இருக்கும், ராபினுக்கு, ஒற்றை வரிச் சமர்ப்பணம். எல்லாப் புத்தகத்திலும் ராபினுக்கு என்று தமிழில் எழுதிவிட்டு அடுத்த பக்கம் போயிருக்கிறேன். புருஷன் என்று நினைத்தேன். ஒரு சமயம் நாயாக இருக்கும் என்றும் நினைத்தேன், வெள்ளைக்காரர்கள் நாய்க்கும் புத்தகம் எழுதி வைப்பார்கள். பாவி, ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இப்போது என்ன செய்திருப்பேன், அதுவும் தெரியவில்லை. சபையில் வைத்து ஒரு தாய் சொல்கிறாள், தன் பிள்ளை ஆற்றோடு போனதைச் சொல்கிறாள், அவளுக்கு அது சபை என்று தெரிகிறதா, கதை என்று நினைத்துச் சொல்கிறாளா, கதை சொல்கிற பழக்கத்தில் வாய் தானாகப் போகிறதா. இதை அப்படியே தமிழில் சொன்னால் பிள்ளைகள் அழும். நாளைக்கு ஊர் முழுக்க, அந்த எழுத்துக்காரம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, மேடையில் உளறினாவ என்று பேசும். சொல்லாவிட்டால்? ஒரு மனுஷி வாய்விட்டுச் சொன்னதைக் கேட்ட ஒரே ஆள் நான், அதை நான் மரக்குதிரையால் மூடுகிறேன். அம்மா கடைசிக் காலத்தில் விளக்கு வைத்ததும் வாசலையே பார்த்துக்கொண்டு, "ஏட்டி சுகிர்தா, அப்பா வந்துட்டாவளா?" என்பாள். அப்பா போய் அப்போது வெகுகாலம். கன்வென்ஷனுக்குப் போனால் எப்போதும் பிந்தித்தான் வருவார் என்பதால் அம்மாவுக்கு அது ஒரு அதிசயமான கேள்வியாகவே தோன்றவில்லை. நான், "வந்துக்கிட்டு இருக்காவம்மா" என்பேன். அம்மா சரி என்று வெற்றிலையை எடுப்பாள். தங்கை ஜெமிமா நாகர்கோவிலிலிருந்து வந்தால் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டாள். "எக்கா, வேதப் புஸ்தகம் இருக்க வீட்டுல பொய் சொல்லாதிய. அம்மா, அப்பா செத்துப் போயிட்டாவம்மா, கர்த்தர்கிட்ட இருக்காவ" என்பாள். அம்மா அப்போதுதான் கேட்பதுபோல் கேட்பாள். அப்போதுதான் தாலி அறுத்தவளாகத் தலையில் அடித்துக்கொண்டு அழுவாள். ஒரு மணி நேரத்தில் மறுபடியும் வாசல், மறுபடியும் கேள்வி. ஜெமிமாவும் அழுவாள், அழுதுகொண்டே மறுபடியும் உண்மையைச் சொல்வாள். யார் செய்தது சரி என்று அம்மாவை அடக்கம் பண்ணின அன்றைக்கும் பேசினோம், முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

மரக்குதிரை எரிந்துவிட்டது. என் கதையில் பனி விலகுகிறது, தூரத்தில் துடுப்புச் சத்தம். அவர் கதையில் ஆட்கள் லாந்தர் எடுத்துக்கொண்டு கரையோரம் நடக்கிறார்கள். அவர் அழவில்லை, அழுதால்கூடத் தேவலை, தோளைப் பார்த்தால் தெரிகிறது, நேராக இருக்கிறது. இன்னாருடைய பண்ணையாள் கூப்பிட்டான், இன்ன வளைவில் ஒரு மரம் விழுந்து கிடந்தது என்று நிதானமாகச் சொல்கிறார், புத்தகத்தில் எழுதுகிற அதே நிதானம், மூடுபனியை விவரிக்கிற அதே சுத்தமான வாக்கியங்கள். அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று எத்தனை தடவை வியந்திருக்கிறேன். முன்னுரையில்கூட எழுதியிருக்கிறேன், மூடுபனியை இவரைப்போல எழுத ஆளில்லை என்று, பெரிய கண்டுபிடிப்புக்காரி. ராபின் என்கிறார், மறுபடி ராபின், ஒவ்வொரு வாக்கியத்திலும் ராபின். நான் ஆல்டன் ஆல்டன் என்கிறேன். "தகப்பன் கரையில் கால் வைத்தான். மேட்டில் எரிந்த தீயைப் பார்த்துத்தான் வந்தேன் மகனே என்றான்." முடிந்தது. கை தட்டல், ஹால் இடிந்து விழுகிற மாதிரி. அம்மாள் திடுக்கிட்டுப் பிள்ளைகளைப் பார்த்தார். எதற்குத் தட்டுகிறார்கள் என்று புரியாமல், ஆனாலும் பழக்கத்தில் தலை தாழ்த்தினார். தட்டல் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார், "விடியும் வரை தேடினார்கள்" என்று. எனக்கு வரி தீர்ந்துவிட்டது. அடுத்த பக்கத்தில் அச்சகத்தின் பேர்தான் இருக்கிறது. வாயைத் திறக்கிறேன், வசனம் இல்லை, ஆண்டவரே ஒன்றுமே இல்லை, பத்தாம் சங்கீதம்கூட இல்லை. ஹெப்சிபா மேடையோரம் வந்து குனிந்து, "டீச்சர், பிள்ளைகளுக்குப் பஸ் வந்துரும், ஒரே ஒரு கேள்வி எடுத்துட்டு முடிச்சிருங்க" என்கிறார். பிழைத்தேன் என்று நினைத்தேன். "பிள்ளைகளா, ஒரே ஒரு கேள்வி" என்று மைக்கில் சொன்னேன். அம்மாள் பேச்சை நிறுத்திக்கொண்டார். பக்கவாட்டுக் கதவைப் பார்த்தார், கதவுக்கு வெளியே மைதானம், அதற்கப்பால் பள்ளிக்கூட வாசல், வாட்ச்மேன் ஸ்டூல்.

ரெட்டைச் சடைக்காரி எழுந்து நின்றாள். கேட்பாள் என்று தெரியும். "மிஸ், என் பேரு இசக்கிப்பிரியா, செவன்த் பி" என்றாள், நெஞ்சோடு புத்தகத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு. "கதையில பையன் பேரு ஆல்டன்தான மிஸ். புக்குலயும் ஆல்டன், நீங்களும் ஆல்டன்தான் சொல்லுதிய. பாட்டி மட்டும் ராபின் ராபின்னு சொல்லுதாவளே. ராபின் யாரு மிஸ்?" பேரை மறந்துவிட்டேன். எல்லாவற்றையும் மூடினேன், பேரை மூட மறந்துவிட்டேன், பேருக்கு எந்த ஊரில் மொழிபெயர்ப்பு. எத்தனை பிள்ளைகளுக்குக் கேட்டிருக்கும், எல்லாருக்கும் கேட்டிருக்கும், இவள்தான் எழுந்தாள். இதை நான் ஆங்கிலத்தில் வேறு எப்படியாவது கேட்டுவிடலாம், உங்களுக்குப் பிடித்த நிறம் எது என்று கேட்கிறாள் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன், நிஜமாகவே நினைத்தேன். அதற்குள் அம்மாள் திரும்பிவிட்டார். அந்த ஒரு சொல் அவர் காதில் நேராகப் போய் விழுந்துவிட்டது, நடுவில் நான் தேவைப்படவில்லை. "ராபினா?" என்றார், இசக்கிப்பிரியாவைப் பார்த்து. முகமெல்லாம் மலர்ந்தது. முகத்தைப் பார்த்துவிட்டேன், பார்க்கக் கூடாதென்று இருந்தும் பார்த்துவிட்டேன். அப்படி ஒரு மலர்ச்சியை அம்மாவிடம் மட்டும்தான் பார்த்திருக்கிறேன், விளக்கு வைத்த நேரத்தில். "அவனுக்கு எப்போதும் தாமதம்தான். ஆற்றங்கரைக்குப் போனால் நேரமே தெரியாது. தேநீருக்கு வந்துவிடுவான், அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்" என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் முழுசாகத் திரும்பினார், மலர்ச்சி அப்படியே இருக்க, அதற்கடியில் எங்கேயோ ஒரு சந்தேகம், தண்ணீருக்கடியில் கல் தெரிகிற மாதிரி. என் மைக் பிடித்த கையைத் தொட்டார். கை குளிர்ந்திருந்தது. இந்த வெயிலில் குளிர்ந்திருந்தது. "வந்துவிடுவான், இல்லையா?" என்று என்னைக் கேட்டார். இது மேடைக்கில்லை, எனக்கு. ஜெமிமா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அப்பா என்ன சொல்லுவார் என்று தெரியவில்லை. பிள்ளைகள் என்னையே பார்க்கிறார்கள், அவர் என்னையே பார்க்கிறார், மின்விசிறி கடகடக்கிறது, ரெண்டு பக்கமும் கேள்வி, ரெண்டு பக்கத்துக்கும் நான் ஒருத்திதான். ஆங்கிலம் வரவில்லை. முப்பது வருஷமாகச் சோறு போட்ட ஆங்கிலத்தில் ஒரு சொல் வரவில்லை. "வந்துக்கிட்டு இருக்கான்" என்றேன், மைக்கில், வீட்டுத் தமிழில், யாருக்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியாமல். அம்மாள் சரி என்பதுபோல் தலையசைத்து, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கதவைப் பார்க்க உட்கார்ந்தார். இசக்கிப்பிரியா திரும்பினாள். அவளைப் பார்த்து முன்வரிசை திரும்பியது, அதற்குப் பின்னால் அடுத்த வரிசை, ஹால் முழுக்கப் பிள்ளைகள் ஒருத்தர் பாக்கியில்லாமல் கழுத்தைத் திருப்பிப் பள்ளிக்கூட வாசலைப் பார்த்தார்கள், யாரோ ஒரு பையன் வருகிறானா என்று. நானும் பார்த்தேன்.